கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க

வாசலில் நிற்கும் காவல்காரர் எலியேசர் வாயைத் திறப்பதற்குள் தோன்யா ஒதிலி குடையை விரித்துவிடுவார். விரித்து, தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டு தட்டுத் தட்டி, "நல்லா பாத்துக்கோ கண்ணு. உள்ள ஒண்ணுமே இல்ல. அப்புறம் அது இருந்துச்சு, இது இருந்துச்சுன்னு சொல்லக் கூடாது" என்பார். மார்ச் மாதம் கர்த்தாகோ நகர மண்டபத்தில் ஆர்க்கிட் பூக்களுக்கும் மழைக்காட்டுச் செடிகளுக்கும் கண்காட்சி நடக்கும்போதெல்லாம் இந்தச் சடங்கும் நடக்கும். உள்ளே போகும்போது அது வெறும் குடை. வெளியே வரும்போது ஒருநாளும் வெறும் குடையாக வந்ததில்லை. எலியேசருக்கும் அது தெரியும். ஆனால் தன் பெண்கள் இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுத்த அம்மாளைப் பார்த்து, திரும்பிப் போகும்போது குடையை விரித்துக் காட்டுங்கள் என்று கேட்க அவருக்கு நாக்கு எழாது.

செடி விஷயத்தில் எங்கள் ஊரான பராய்ஸோவில் ஒரு நம்பிக்கை உண்டு. விலைக்கு வாங்கிய செடி சோம்பிக் கிடக்கும், கேட்டு வாங்கியது பட்டுப்போகும், திருடிக்கொண்டு வந்தால்தான் வேர் பிடிக்கும். ஊரில் முக்கால்வாசிப் பேர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஒதிலி சிரிக்காமல் சொல்வார். யாராவது பிரியப்பட்டு ஒரு கிளையை ஒடித்துக் கொடுக்க வந்தால் பதறிப்போய்க் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். "ஐயோ, கையில குடுக்காதீங்க. அங்க வெச்சிட்டு, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்பார். திரும்பினால் போதும். மறுபடி பார்க்கும்போது செடியும் இருக்காது, அவரும் இருக்க மாட்டார். இன்னொன்று, செடிக்காக யாருக்கும் நன்றி சொல்லவே கூடாது. சொன்னால் அன்றைக்கே வாடும்.

நான் அவருக்கு அடுத்த வீடு. மூலையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஒரு தடவை அவர் பிறந்தநாளுக்கு என் வீட்டுப் பிகோனியாவை ஒரு தொட்டியில் வைத்து, சிவப்பு நாடா கட்டி எடுத்துக்கொண்டு போனேன். அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. "தோன் ஹாசிந்தோ, உங்களுக்கு என் மேல என்ன கோபம்?" என்று கேட்டார். நாடாவை அவிழ்த்து, தொட்டியை என் மதில்மேல் வைத்துவிட்டு, நான் கடைக்குள் போய் அரிசி நிறுப்பதுபோலப் பாவனை செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பிகோனியா இன்று அவர் வீட்டில் புதராக மண்டிக் கிடக்கிறது. என்னுடைய தாய்ச்செடி எப்போதோ செத்துவிட்டது. இதில் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்தான்.

வலது கைக் கட்டைவிரல் நகத்தை மட்டும் அவர் வெட்டுவதில்லை. கிள்ளுவதற்கு அதுதான் கருவி. நகத்துக்கு மசியாத தண்டு என்றால் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் நூல் வெட்டுகிற கத்தரி இருக்கிறது. ஜனவரி முழுக்க அந்தக் கத்தரிக்கு ஓய்வே இருக்காது. பள்ளிக்கூடம் பிப்ரவரியில் திறக்கும். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரின் நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் அவர் சன்னலோரத் தையல் இயந்திரத்தில்தான் உருவாகும். மார்ச் வந்துவிட்டால் கையில் வேலை குறைந்துவிடும். குடை தூசி தட்டப்படும்.

அவர் வீட்டில் எந்தச் செடிக்கும் புத்தகப் பெயர் கிடையாது. எங்கிருந்து வந்ததோ அதுதான் பெயர். வாசல் பெரணிக்குப் பெயர் 'மேனேஜர்', அது வங்கியின் வரவேற்பறையிலிருந்து வந்தது. சிவப்பு ஆந்தூரியம் 'பல் டாக்டர்'. என் பிகோனியா 'ஹாசிந்தோ'. காலை வேளைகளில் மதிலுக்கு அப்பால் இருந்து "ஹாசிந்தோவுக்குப் பூச்சி வந்துடுச்சு, புடுங்கிப் போட்டுடலாமா?" என்று குரல் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்திருக்கிறேன்.

இந்தத் திருட்டுக்குச் சட்டதிட்டமும் உண்டு. ஒரே கிளை உள்ள செடியைத் தொட மாட்டார். பூவைப் பறிக்கவே மாட்டார். "பூவைத் திருடறது திருட்டு" என்பார், வேறு என்னமோ செய்கிறவர்போல. எடுத்த இடத்தில் வெட்டுக்காயத்துக்கு லவங்கப் பட்டைத்தூள் தடவிவிட்டுத்தான் நகர்வார். அதற்கென்று ஒரு சிறு டப்பா எப்போதும் பையில் இருக்கும்.

எல்லாச் செடிக்கும் மேலே இருந்தது 'பாதிரியார்'. அது ஒரு வெள்ளைக் குவாரியா ஆர்க்கிட். குவாரியா என்றால் ஊதாதான், எங்கள் தேசத்து மலரே அதுதான். வெள்ளை கிடைப்பது அபூர்வம். அதிலும் இந்த வெள்ளையின் தொண்டைக்குள், ஊசியில் ஊதா நூல் கோத்து ஒரே ஒரு தையல் போட்டதுபோல மெல்லிய கோடு ஒன்று ஓடும். கல்யாணமான புதிதில் பாதிரியார் பங்களாவின் பின்சுவரிலிருந்து ஒதிலி அதைக் கொண்டுவந்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவருடைய கணவர் ஓவிதியோ. அது அவர்கள் வீட்டு முன்சுவரின் ஓட்டு விளிம்பில் வேர்விட்டுப் பரவி, ஒவ்வொரு தவக்காலத்திலும் சுவர் மறையப் பூத்துத் தொங்கியது. ஓவிதியோ போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகும் பாதிரியார் ஒரு வருஷம்கூடத் தவறாமல் பூத்தார்.

போன டிசம்பரில்தான் அது நடந்தது. மகன் வில்பெர்த் எரேதியாவில் பஸ் மெக்கானிக். போனஸ் கையில் வந்ததும் வீட்டுக்கு வெள்ளையடிப்பது எங்கள் ஊர் வழக்கம். அவனும் பெயின்ட் டப்பாவோடு வந்தான். அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரம். பெயின்ட் ஒட்ட வேண்டுமென்றால் முதலில் பாசி போக வேண்டுமே என்று, சுவரையும் ஓடுகளையும் குளோரின் கரைத்த தண்ணீரை ஊற்றித் தேய்தேய் என்று தேய்த்தான். செடியை ஒரு பிளாஸ்டிக் தாளால் மூடித்தான் தேய்த்தான், பாவம். வேர்கள் ஓட்டுக்கு அடியில் ஊர் மாதிரி பரவிக் கிடக்கும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. கிறிஸ்துமஸுக்குச் சுவர் பளீரென்று இருந்தது. புதுவருஷத்துக்குள் பாதிரியார் பழுத்து, கறுத்து, உதிர்ந்துவிட்டார். "பாதிரியார் போயிட்டாரு" என்று ஒதிலி என் கடையில் நின்று சொன்னபோது, ரொட்டி வாங்க வந்திருந்த ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டு, அடக்கம் எப்போது என்று கேட்டாள்.

மகனை அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவாயில்லடா, செடிதானே" என்றார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வந்து உட்கார்ந்தால், எலும்பும் கிழங்கும் போட்ட சூப்பை அவன் முன்னால் வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை முதுகுதான். ஜனவரி கடைசியில் அவன் என் கடை வாசலில் நின்று, "மாமா, எங்கம்மா முதுகப் பாக்கவா நான் ரெண்டு பஸ் மாறி வரேன்?" என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது. அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. ஒதிலி மட்டும் ஞாயிறு தவறாமல் இரண்டு பேருக்குச் சூப் வைத்தார். மீதியை மதில் வழியாக என்னிடம் நீட்டுவார். ருசியான சூப்தான். ஆனால் அது வில்பெர்த்தின் பங்கு.

இந்த வருஷக் கண்காட்சிக்கு அவரைக் கிளப்புவதே பெரும்பாடாகிவிட்டது. என் பழைய வண்டியில் முன்சீட்டில் குடையை மடிமேல் வைத்துக்கொண்டு, வழி நெடுக ஒரு வீட்டுத் தோட்டத்தைக்கூட எட்டிப் பார்க்காமல் வந்தார். மண்டப வாசலில் குடையை விரிக்கவில்லை. எலியேசரே பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"என்ன தோன்யா, காட்டாம போறீங்க?"

"காட்டி என்ன ஆகப்போகுது, விடுப்பா."

எலியேசர் என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன்.

உள்ளே ஊதாக் குவாரியாக்கள் ஒரு மேடை முழுக்க வழிந்துகொண்டிருந்தன. நடுவர்கள் அளவுகோலோடு குனிந்து குனிந்து இதழ்களை அளந்தார்கள். சோள அடை சுடுகிற வாசனையும் ஈரப் பாசி வாசனையும் கலந்து அடித்தது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்தபோது ஒதிலி பூக்களைப் பார்க்கவில்லை, பாவாடை மடிப்புகளைப் பார்த்தார். விற்பனைப் பக்கத்தில் ஒரு கடையில் வெள்ளைக் குவாரியாவே இருந்தது. ஒரே உயரத்தில், ஒரே மாதிரித் தொட்டிகளில், வரிசை வரிசையாக.

"இதுல ஒண்ண வாங்கிடலாமே. சுவரு நிறைஞ்சா சரி" என்றேன்.

"காசு குடுத்து வாங்கினா அது சாமான், தோன் ஹாசிந்தோ. செடி இல்ல."

"சரி, அப்படின்னா திருடுங்க. நான் மறைச்சுக்கறேன்."

குனிந்து ஒரு பூவின் தொண்டையைப் பார்த்தார். தூய வெள்ளை. "தையல் இல்ல" என்றார். நிமிர்ந்து நடந்தார். எனக்கு இந்த அம்மாளைக் கூட்டிவந்ததே தப்போ என்று தோன்றிவிட்டது.

கடைசி மூலையில், கழிப்பறைக்குப் போகிற வழியில், ஒரோசி ஊர்க்காரர்களின் மேஜை. அந்த இடத்தை யாரும் விரும்பிக் கேட்டு வாங்க மாட்டார்கள். அங்கே தன் போக்கில் போய்க்கொண்டிருந்த ஒதிலி சட்டென்று நின்றார். என் முழங்கையைப் பிடித்தார். அந்தக் கட்டைவிரல் நகம் சட்டையைத் தாண்டித் தோலில் பதிந்தது. மேஜை விளிம்பில், பழைய ஓட்டுத் துண்டு ஒன்றில் பற்றிக்கொண்டு, ஒரு வெள்ளைக் குவாரியா ஏழெட்டுக் கொத்துகளாகப் பூத்திருந்தது. ஒவ்வொரு பூவின் தொண்டையிலும் ஊதா நூலில் ஒற்றைத் தையல்.

மேஜைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் தோன்யா சொராய்தா. ஓவிதியோவுக்குத் தூரத்து உறவு. சாவு வீடுகளில் ஒன்பது நாளும் ஜெபமாலை நடத்திவைக்கிறவர். அவர் குரலில் பிரார்த்தனை மாலை கேட்டால் கல்லும் அழும் என்று எங்கள் பக்கத்தில் பெயர்.

"யாரு வெச்சது இது?" என்று கேட்டார் ஒதிலி.

"நான்தான்."

"எங்க இருந்து வந்துச்சு?"

"ஒரோசில இருந்து. பஸ்ல."

"அதுக்கு முன்னாடி?"

சொராய்தா தன் மடியைப் பார்த்தார். மேஜை விரிப்பின் சுருக்கத்தை நீவினார்.

"ஓவிதியோவோட ஒன்பதாம் நாள் ஜெபத்துல, பாதில இருமல் வருதுன்னு எந்திரிச்சு வெளிய போனீங்க" என்றார் ஒதிலி.

"போனேன்."

"நான் இஞ்சி தட்டிப் போட்டு வெல்லத் தண்ணி காச்சிக் குடுத்தேன்."

"குடிச்சேன். நல்லா இருந்துச்சு."

"இருமல் வந்துச்சா?"

"இருமல்தான் வரல."

ஒதிலியின் குரல் மண்டபத்தின் அந்தக் கோடிவரை கேட்டது. "நாங்க எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னு கதறிட்டு இருக்கோம். நான் புருஷனப் பறிகுடுத்துட்டு உக்காந்திருக்கேன். நீங்க என் சுவத்துல கைய வெச்சிருக்கீங்க!"

"வேற எப்ப வைக்கிறது? மத்த நாள்ல நீங்க சன்னல விட்டு நகர்றதே இல்லையே!"

நடுவர் ஒருவர் அளவுகோலோடு திரும்பிப் பார்த்தார். நான் இருவருக்கும் நடுவே போய் நிற்கலாமா என்று ஒரு காலை எடுத்து வைத்தேன். அதற்குள் ஒதிலியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு நிற்காமல் வந்து, கண்ணில் நீரும் வந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "திருடி" என்றார். "படுபாவித் திருடி. ஜெபத்துல!"

"நீங்க எடுத்தது மட்டும் யாரு வீட்டுதாம்? பாதிரியார் வீட்டுது."

மூன்று மாதமாக நான் கேட்காத சிரிப்பு அது. எனக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"பன்னெண்டு வருஷமா இத ஏன் கொண்டுவரல?" என்று கேட்டார் ஒதிலி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"கொண்டுவந்தா கண்டுபுடிச்சிருவீங்களே."

"இப்ப மட்டும்?"

சொராய்தா ஓட்டுத் துண்டை ஒரு விரலளவு முன்னால் நகர்த்தினார். பிறகு, "உங்க சுவரு காலியாயிடுச்சுன்னு சொன்னாங்க" என்றார். "கையில குடுக்கலாம்னா, குடுத்தா பட்டுப்போயிடுமே. அதான், மேஜையோட ஓரமா பாத்து வெச்சேன். காலைல இருந்து ஒரு தடவகூட கழிப்பறைக்குப் போகாம உக்காந்திருக்கேன், நீங்க வந்து பாக்கறப்போ நான் இல்லாம போயிடுவேனோன்னு."

சொல்லிவிட்டு எழுந்தார். மூட்டு வலியோடு மெதுவாகத் திரும்பி, மேஜைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றார். அந்தச் சுவரில் பார்க்க என்ன இருந்தது? தீயணைக்கும் சிவப்பு உருளை ஒன்று தொங்கியது. அதன்மேல் ஒட்டியிருந்த குறிப்பை ஜெபமாலை ராகத்தில் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். "பாதுகாப்பு ஊசியை இழுக்கவும்... குழாயை நெருப்பின் அடியை நோக்கிப் பிடிக்கவும்..."

"மறைச்சுக்கிட்டு நில்லுங்க" என்றார் ஒதிலி என்னிடம். எத்தனை வங்கி, எத்தனை ஆஸ்பத்திரி வராந்தா பார்த்த கை!  இன்று கத்தரியைக் கழுத்திலிருந்து எடுக்கும்போது கயிறு பித்தானில் சிக்கிக்கொண்டது. நான்கு தடித்த தண்டுகள் உள்ள பின்பக்கத் துண்டை, ஒரு வேரும் அறாமல் ஓட்டிலிருந்து நகத்தால் நெம்பி நெம்பிப் பிரித்து, வெட்டி, வெட்டிய இடத்தில் பட்டைத்தூளைத் தடவி, துண்டைக் குடைக்குள் இறக்கினார். சொராய்தா அதற்குள் குறிப்பை இரண்டு தடவை படித்து முடித்து மூன்றாவது தடவை ஆரம்பித்திருந்தார்.

ஒதிலி அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றார். உதடு பிரிந்தது.

"வாய மூடுங்க" என்றார் சொராய்தா, திரும்பாமலே. "அந்த வார்த்தை வந்துச்சோ, அவ்வளவுதான்."

ஒதிலி உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியே மண்டபத்தின் பாதித் தூரம் நடந்தார்.

வாசலில் எலியேசர் குடையின் வயிற்றைப் பார்த்தார். வெளியே வெயில் தகித்தது. "வெயில் கொளுத்துது தோன்யா. குடைய விரிச்சுக்குங்களேன்" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

"எனக்கு வெயில் புடிக்கும்டா கண்ணு" என்றபடி ஒதிலி தலை நிமிர்ந்து அவரைக் கடந்து போனார். எலியேசர் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தார். பழைய ஒதிலி திரும்பி வந்ததில் அவருக்கும் சந்தோஷம்.

வண்டியில் என் செல்போனை வாங்கினார். அவர் யாரை அழைக்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். "டேய் வில்பெர்த்" என்றார்.  "ஞாயித்துக்கிழம வா. ஏணில ஏறற வேலை இருக்கு. பெயின்ட் கியின்ட் எதுவும் தூக்கிட்டு வந்துடாத." போனை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, பராய்ஸோ வரும்வரை இரு பக்கத்துத் தோட்டங்களையும் கழுத்து வலிக்க எட்டி எட்டிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வில்பெர்த் முதலில் என்னிடம்தான் வந்தான், ஏணி இரவல் வாங்க. தைரியத்தையும் சேர்த்து வாங்க வந்தான் என்று நினைக்கிறேன். சட்டை இஸ்திரி போட்டிருந்தான். ஏணியை அவர்கள் வீட்டுக் கொல்லையில் சாத்திவிட்டுச் சமையலறை வாசலில் போய்த் தயங்கி நின்றான். நான் மதிலோரம் செம்பருத்தி வேலியை வெட்டிக்கொண்டிருந்தேன். அதில் வெட்ட ஒன்றும் இல்லை.

சூப் கொதிக்கிற மணம் வந்தது. சன்னல் திட்டின்மேல், ஈரச் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் இருந்தது. பக்கத்தில், கட்டுவதற்குப் பழைய நைலான் காலுறையைக் கிழித்த நாடாக்கள்.

"அம்மா, இது என்ன?"

"பாதிரியாரு."

அவன் பொட்டலத்தின் ஓரத்தை விலக்கிப் பார்த்தான். முகம் மாறியது. அதை எடுத்துத் தன் கையில் கொடுப்பாரோ என்று அம்மாவைப் பார்த்தான். அவர் கைகளை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டு நின்றார். "நான் ஒண்ணும் உனக்குக் குடுக்கல" என்றார்.

அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை. புரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம்தான் ஆயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அம்மா. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க."

ஒதிலி அடுப்பைப் பார்த்துத் திரும்பினார். காபி வடிக்கும் துணிப்பையைச் சட்டத்தில் மாட்டி, அடியில் அவன் கோப்பையை வைத்து, வெந்நீரை ஊற்றத் தொடங்கினார். பின்னால் செய்தித்தாள் சரசரத்தது. ஏணியை நகர்த்தும் சத்தம் கேட்டது. கோப்பை நிரம்பித் தட்டில் வழிந்தது. அவர் திரும்பாமல் ஊற்றிக்கொண்டே இருந்தார்.